அந்தரங்கம் ஏழைக்கும் உண்டு

(தாயில்பட்டியில் நடைபெற்ற வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இணையமும் அந்தரங்கமும் என்ற பொருளில் பேசுமாறு எனக்குக் கட்டளை. தலைப்பைச் சொன்னவுடன் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “நம்மகிட்ட மறைக்கிறதுக்கு என்னப்பா இருக்கு?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவர் கேட்டது இந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்திலேயே கேட்கப்பட்ட கேள்வி. அதற்கு விடை சொல்வதே என் உரையின் நோக்கம்.

விடையை நம் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். 1917ஆம் ஆண்டு. கொலம்பியாவிலும் இலண்டனிலும் படித்துவிட்டு, தமக்கு உதவித்தொகை அளித்த பரோடா சமஸ்தானத்தில் பணிபுரிய வந்து சேர்ந்தார் அண்ணல் அம்பேத்கர். அந்நகரில் அவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில், பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிவிட்டுத் தங்கினார். பதினொன்றாம் நாள் காலை, அலுவலகம் புறப்படும் நேரத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் கையில் தடியுடன் வந்து நின்றார்கள். நீ யார் என்று கேட்டார்கள். மாலைக்குள் வெளியேற வேண்டும் என்றார்கள். நண்பர்கள் இருவரை நாடினார். இருவரும் இடம் தரவில்லை. பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு இரயிலில் பம்பாய் திரும்பினார். இதை அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

பத்து நாட்கள் அவர் தங்கியிருந்த அறையும் மாறவில்லை, அவர் கொடுத்து வந்த வாடகையும் மாறவில்லை. அவரைப் பற்றிய ஒரு செய்தி, அறியக்கூடாதவர் கைக்குப் போயிற்று. அவ்வளவுதான் நடந்தது. மறைக்க எதுவும் இல்லாத மனிதர் அவர். குற்றம் எதுவும் செய்தவரல்லர். ஆயினும் அந்தச் செய்தியை யார் அறிகிறார்கள் என்பதே அன்றிரவு அவர் எங்கே படுப்பது என்பதைத் தீர்மானித்தது.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நம் பிள்ளைகள் கோவைக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிறார்கள். வீட்டுக்காரர் ஆதார் அட்டையின் ஜெராக்ஸ் கேட்கிறார். இப்பொழுதெல்லாம் படம் எடுத்துக் கைப்பேசிக்கு அனுப்பு என்கிறார். அட்டையில் சாதி இல்லை. ஆனால் முகவரி இருக்கிறது. முகவரியில் “காலனி” என்று ஒரு சொல் இருந்தால் போதாதா? தடி எடுத்து வர வேண்டிய அவசியமே இல்லை. “வீட்டை வேறு ஒருவருக்குப் பேசிவிட்டோம்” என்ற பதில் மறுநாள் வந்துவிடும். அந்தச் சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமைக்குக் குறியீடாகவும் மாறிவிட்டதென்று கூறி, அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தது. வரவேற்கத்தக்க அறிவிப்பே. ஆனால் ஏற்கெனவே பலருடைய கைப்பேசிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட படங்களிலிருந்து அச்சொல்லை யார் நீக்குவது?

இந்த இடத்தில் இளைஞர்கள் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. சாதியை மறைத்து வாழுங்கள் என்று நான் சொல்லவில்லை. நாம் வெட்கப்பட வேண்டியது எதுவும் நம் பிறப்பில் இல்லை. வெட்கம் வேறு பக்கத்திற்கு உரியது. வட்டாட்சியரிடம் சாதிச் சான்றிதழ் கேட்கிறோம், கல்லூரியில் காட்டி உதவித்தொகை பெறுகிறோம். அது நம் உரிமைக்காக நாம் காட்டுவது. அதே செய்தியை நம்மைக் கேட்காமல் இன்னொருவன் எடுத்து மூன்றாமவனுக்குக் காட்டுவது வேறு. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவன் ஒருவன் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, வகுப்பு வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கலாகாது என்று 2024இல் பரிந்துரைத்தது. அரசுக்குத் தெரிய வேண்டியது அரசுக்கு. பக்கத்துப் பெஞ்சுக்கு அல்ல. அந்தரங்கம் என்பதற்கு நான் தரும் பொருள் இதுவே: நம்மைப் பற்றிய செய்தியை யாருக்கு, எதற்காகக் கொடுப்பது என்று நாமே முடிவு செய்யும் அதிகாரம்.

இந்த அதிகாரம் எளிய மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட கதை நமக்கு வடக்கே, உசிலம்பட்டி வட்டாரத்தில் நிகழ்ந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. பதினாறு பேர் மாண்டார்கள். அவர்கள் நம் சமூகத்தார் அல்லர். ஆனாலும் ஒரு கூட்டத்தாரைப் பிறப்பினாலேயே சந்தேகித்து, ரேகை எடுத்து, இரவுதோறும் கணக்குக் கொடுக்கச் சொல்வது எவ்வளவு பெரிய இழிவு என்று நம்மைவிட யாருக்கு விளங்கும்?

நாடு விடுதலை பெற்ற பிறகும் இரவில் கதவைத் தட்டுவது நிற்கவில்லை. உத்தரப்பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் கொள்ளை வழக்கில் பிடிபட்டு, சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டார். ஆயினும் காவலர்கள் நள்ளிரவில் அவர் வீட்டிற்கு வந்து எழுப்பிக்கொண்டே இருந்தனர். அவ்வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம், இரவில் வீடு புகுவது தவறு என்றது. ஆனால் அந்தரங்கம் என்ற உரிமை அரசியலமைப்பில் இல்லை என்றும் சொல்லிவிட்டது. நீதியரசர் சுப்பா ராவ் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். அவர் பக்கம் நாடு வந்து சேர ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். அந்தரங்கம் வசதி படைத்தோர் கவலை, ஏழைக்கு வேண்டியது சோறுதான் என்ற வாதமும் அவ்வழக்கில் எழுந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நம் பெரியவர் கேட்ட கேள்விக்குச் சட்டம் தந்த விடை அது.

வாழ்க்கை தந்த விடையையும் சொல்லுகிறேன். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா பயர் ஆபீசில் தாள் சுற்றும் வேலை பார்ப்பவர். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடந்த நாட்களில், பிள்ளையின் கட்டணத்திற்காகக் கைப்பேசியில் ஒரு கடன் செயலியை இறக்கி ஐயாயிரம் கேட்டார். கையில் வந்தது மூவாயிரத்துச் சொச்சம். ஏழாம் நாள் ஐயாயிரமும் கட்ட வேண்டும் என்றார்கள். ஒரு நாள் தவறியது. மறுநாள் காலை போர்மேனுக்கு ஓர் அழைப்பு. பிள்ளையின் ஆசிரியருக்கு ஒரு படம். மகளைப் பெண் கேட்டிருந்த வீட்டாருக்கு அதே படம், கீழே “திருடி” என்ற எழுத்துகளோடு. செயலியை இறக்கும்பொழுது “அனுமதி” என்று ஒரு பொத்தானை அவர் அழுத்தினார். அந்த ஓர் அழுத்தத்தில் அவர் கைப்பேசியில் இருந்த பெயர்களும் எண்களும் மொத்தமாகப் போய்விட்டன.

இதில் நான் நெடுநாள் யோசித்தது ஒன்று உண்டு. அந்த அக்கா தம் அந்தரங்கத்தை மட்டும் கொடுக்கவில்லை. என் எண்ணையும் கொடுத்தார், உங்கள் எண்ணையும் கொடுத்தார். “எனக்கு மறைக்க ஒன்றுமில்லை” என்று ஒருவர் சொல்லும்பொழுது, அவர் தமக்காக மட்டும் பேசவில்லை. அவர் கைப்பேசியில் உள்ள இருநூறு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறார்.

இத்தகைய கடன் செயலிகளுக்காகப் பெங்களூரில் அழைப்பு மையம் நடத்திய கும்பலைச் சென்னைக் காவல்துறை 2021 சனவரியில் பிடித்தது. இரண்டு சீன நாட்டவரும் அதில் அகப்பட்டனர். கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது. ஆனால் திருட்டுச் செயலி நெறிமுறையைப் படித்துவிட்டா வருகிறது? ஆகவே கடன் செயலி தொடர்பு எண்களையோ படங்களையோ கேட்டால் அதைக் கைவிடுங்கள். மிரட்டல் வந்தால் பணம் கட்டிப் பணியாதீர்கள். 1930 என்ற எண்ணை அழையுங்கள். அந்த அக்கா யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் வேலைக்கே போகவில்லை. வெட்கம்தான் அவர்களுக்கு வட்டி.

திருடர்கள் மட்டும்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் வன்கொடுமைக்கு ஆளான மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவர் யார் என்று காட்டும் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நம் பெண்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்கவே எத்தனை தடைகளைத் தாண்டி வருகிறார்கள்! புகாரை எழுதிய தாள் கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றும் என்ற அச்சமும் சேர்ந்தால், அடுத்தவள் நிலையத்தின் படியேறுவாளா?

ஆதாரைப் பற்றிச் சில வார்த்தைகள். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பின்படி பள்ளிச் சேர்க்கைக்கு அதைக் கட்டாயமாக்க முடியாது. அடையாளத்திற்காகக் கேட்கும் இடங்களில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் அட்டையை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம். ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டுமானால் அதன் குறுக்கே எதற்காக, என்று கொடுத்தோம் என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. எண் கேட்பவன் வங்கிக்காரன் அல்லன்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துக் கொள்கிறேன். அந்தரங்கம் என்ற சொல்லை அதிகாரத்தில் இருப்பவர்களும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. இனி, ஆதிதிராவிடர் நல நிதி எங்கே போயிற்று, நூறு நாள் வேலையில் யார் பெயரில் பணம் எடுக்கப்பட்டது என்று கேட்டால், அது தனிப்பட்ட விவரம் என்று கைவிரிக்க இடமுண்டு. எளியவனின் வாழ்வுக்குக் கதவு வேண்டும். அரசுப் பணத்தின் கணக்குக்குக் கதவு கூடாது. இவ்விரண்டையும் குழப்புகிறவர்களிடம் நாம் ஏமாறக் கூடாது.

இறுதியாக நம் சங்கத்திற்கே வருகிறேன். தலைவர் பொறுத்தருள வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக உதவி பெற்ற மாணவர்களின் விண்ணப்பங்கள் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. சாதிச் சான்றிதழ், தகப்பனார் வருமானம், வங்கிக் கணக்கு எல்லாம் அவற்றில் உண்டு. அலமாரிக்குப் பூட்டு இல்லை. சென்ற ஆண்டு உதவித்தொகைப் பட்டியலை வங்கி எண்களோடு நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். நல்ல மனத்தோடுதான் போட்டார்கள்; நானும் அக்குழுவில் இருந்தேன், அன்று வாய் திறக்கவில்லை. அது என் தவறு. பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளின் விவரத்தைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று நான் முன்னர்ச் சொன்ன 2023ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. சட்டத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த வெள்ளி விழா மலரில் உதவி பெற்ற மாணவர் அனைவரின் பெயர், முகவரி, கைப்பேசி எண் ஆகியவற்றை அச்சிட முடிவு செய்திருப்பதாக அறிந்தேன். பட்டியல் இன்னும் சிவகாசி அச்சகத்திற்குப் போகவில்லை என்று செயலாளர் சொன்னார். முகவரியையும் எண்ணையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மலரில் தங்கள் பெயர் வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இன்று மாலை அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லட்டும். வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை.