படுவான்கரைப் பாதைக்கு எந்தக் கியர்?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். ஞாயிறு படுகின்ற கரை என்பது அதன் பொருள். கிழக்கே கடலை அடுத்துக் கிடப்பது எழுவான்கரை. வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை ஆகிய ஊர்களின் வழியாக மேற்கு நோக்கிச் செல்பவர் உன்னிச்சையை அடைவர். அங்குள்ள பெருங்குளம் வயல்களுக்கு நீரூட்டுவதோடு, வவுணதீவிலே சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகரத்தாரின் குடிநீராகவும் பயன்படுகின்றது. நகரத்திலே குழாயைத் திறப்பவர்களிற் பலர் அந்நீர் புறப்படும் இடத்தைக் கண்டதில்லை. கண்டவர்களோ அங்குள்ள பாதைகளையும் அறிவர். பெருவீதி நல்ல வீதிதான். அதைவிட்டு இறங்கினாற் கிரவல் பாதை. கிரவல் முடிந்தால் வாய்க்காற் கரை. அதற்கும் அப்பால் வட்டைக்குள்ளே செல்லும் வண்டித் தடம்.

கோடையில் இத்தடங்களிற் சைக்கிளும் செல்லும். ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் நிலைமை வேறு. 2011ஆம் ஆண்டு ஜனவரி மாத வெள்ளத்திலே மட்டக்களப்பு மாவட்டம் பட்ட பாட்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய பெருவெள்ளம் வராத ஆண்டிலும், பெரும்போகப் பயிர் வளரும் மூன்று மாதமும் வட்டைக்குப் போகும் வழி சேறாகவே கிடக்கும். முன்பு இவ்வழியில் மாட்டுவண்டி சென்றது. பின்பு உழவு இயந்திரம் வந்தது. ஜீப்பும் லாண்ட் றோவரும் வந்தன. இன்று நான்கு சில்லும் இழுக்கும் கெப் வண்டியையே வசதியுள்ள கமக்காரர் நாடுகின்றனர்.

நாடுவோர் முன்னே எழும் கேள்வி ஒன்று உண்டு. கியரைக் கையால் மாற்றும் வண்டியை வாங்குவதா, தானாக மாறும் வண்டியை வாங்குவதா? ஊர்வழக்கிலே முன்னது மனுவல், பின்னது ஓட்டோ. (ஓட்டோ என்றதும் முச்சக்கர வண்டியை நினைப்போர் சற்றுப் பொறுத்தருளவேண்டும்.) இது பணக்காரரின் பொழுதுபோக்குக் கேள்வி அன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். அவ்வைந்தாண்டுக் காலத்திலே பழைய வண்டிகளும் பொன்விலைக்கு விற்றன. பல போகங்களின் மிச்சத்தைத் திரட்டி ஒரு வண்டி வாங்குபவர், அடுத்த ஆண்டு அதை விற்று வேறொன்று வாங்குவோம் என்று எண்ண முடியாது.

உன்னிச்சைப் பக்கத்துப் போடியார் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். அறுபது வயதைக் கடந்தவர். இடது முழங்காலில் நோவு உள்ளவர். மகன் வட்டையிலேயே பெரும்பொழுதைக் கழிப்பவன். மருமகள் பாடசாலை ஆசிரியை. சிறிது வண்டி ஓட்டத் தெரிந்தவள். "அப்பா, ஓட்டோ எடுப்பம், உங்கட காலுக்கும் சுகம்" என்கிறான் மகன். "பழுதாகினா ஆரு மகன் திருத்துற?" என்று கேட்கிறார் தந்தை. இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதைத் தெளிய வேண்டுமாயின், கியர்ப் பெட்டி செய்யும் வேலையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

எஞ்சின் விரைவாகச் சுழலும்போதுதான் அதற்கு வலு உண்டு. சேற்றிலே சில்லு மெதுவாகவும் அழுத்தமாகவும் சுழலவேண்டும். விரைவை விட்டுக்கொடுத்து வலுவைப் பெறும் பண்டமாற்றுச் சாலையே கியர்ப் பெட்டி. மனுவல் வண்டியிலே எஞ்சினுக்கும் அப்பெட்டிக்கும் நடுவே கிளச் என்னும் தட்டு இருக்கின்றது. காலால் மிதித்தால் தொடர்பு அறும், விட்டால் ஒட்டும். ஓட்டோவிலே பெரும்பாலும் அத்தட்டுக்குப் பதிலாக எண்ணெய் வேலை செய்கின்றது. இரண்டு விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழற்றினால் அதன் காற்றினால் மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதிலாக மூடிய கலத்திலே எண்ணெயை நிரப்பினால் வண்டியையே இழுக்கலாம். ஜெர்மனியரான ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905ஆம் ஆண்டிலே இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் மனத்தில் இருந்தது மோட்டார் வண்டி அன்று, கப்பல்.

காட்டுப் பாதைக்கு மனுவலே உரியது என்ற எண்ணம் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. 1941ஆம் ஆண்டு முதற் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பில் முன்னோக்கிச் செல்ல மூன்று கியர். அவற்றை மேலும் தாழ்த்தும் இன்னொரு லீவர். 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியிலே அறிமுகமான லாண்ட் றோவரில் நான்கு கியர். அங்கும் தாழ்த்தும் லீவர் உண்டு. உலகெங்கும் காடுகளையும் பாலைகளையும் கடந்தவை இவ்வகை வண்டிகளே. ஆயினும் அதே போர்க்காலத்திலே அமெரிக்கரின் எம்-5 என்னும் இலகுரகத் தாங்கியிலே, 1940ஆம் ஆண்டுக்கான ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கென வெளிவந்த ஹைட்ராமாட்டிக் என்ற தானியங்கிக் கியர்ப் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது என்பதைப் பலர் அறியார். சேற்றிலும் மேட்டிலும் போர் செய்யும் தாங்கிக்கே ஓட்டோ பொருந்தியதென்றால், அது நகரத்துச் சொகுசு மட்டும் என்று சொல்வது எங்ஙனம்? பழைய டிஃபென்டரை மனுவலாகவே அறிந்த உலகத்துக்கு, 2020இல் விற்பனைக்கு வந்த புதிய டிஃபென்டர் ஓட்டோவாக மட்டுமே கிடைக்கின்றது.

இனி வட்டைக்குள் இறங்கலாம்.

சேற்றிலே வண்டியைக் காப்பது இடையறாத ஓட்டம். மனுவலில் கியர் மாற்றக் கிளச்சை மிதிக்கும் கணத்தில் இழுவை நின்றுவிடுகின்றது. தார் வீதியிலே அந்தக் கணம் ஒன்றுமில்லை. முழங்கால் ஆழச் சேற்றிலே அதுவே வண்டியை நிறுத்தப் போதும். நின்ற வண்டியை மீண்டும் கிளப்பச் சில்லு வழுக்கும். வழுக்கினாற் குழி ஆழும். ஆழ்ந்தால் உழவு இயந்திரத்தை அழைக்கவேண்டியதுதான். தேர்ந்த ஓட்டுநர் சேற்றில் இறங்குமுன்பே ஏற்ற கியரைத் தெரிந்துகொண்டு மறுகரை சேரும்வரை அதை மாற்றமாட்டார். தேராதவர் நடுவழியில் மாற்றுவார். ஓட்டோவிலே இந்த இடைவெளி மிகச் சிறிது; கால் மெல்ல அழுத்தினால் இழுவையும் மெல்லக் கூடும். இவ்வகையிலே சேறு ஓட்டோவுக்கே சாதகம். ஆனால் ஓட்டோ தானாக மேல் கியருக்குத் தாவுவதைத் தடுக்க, தாழ் கியரிலே நிறுத்தும் நிலையில் லீவரை வைக்கத் தெரிந்திருக்கவேண்டும். 'டி' என்ற எழுத்தில் விட்டுவிட்டால் எல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர், சேற்றில் நின்று யோசிக்க நிறைய நேரம் பெறுவார்.

நீரைக் கடப்பது வேறு விடயம். வாய்க்கால் வழிந்து பாதையை மூடியிருக்கும்போது, தாழ்ந்த கியரில் ஒரே சீராகச் செல்லவேண்டும். நடு நீரிலே கிளச்சை மிதிப்பது தவறு. தட்டுகளுக்கிடையே நீரும் சேறும் புகுந்து பின்பு வழுக்கும். பழைய லாண்ட் றோவரிலே கிளச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு துளை உண்டு. நீரில் இறங்குமுன் அதைத் திருகாணியால் அடைத்து, கரையேறியபின் கழற்றவேண்டும் என்பது விதி. விதியை எத்தனை பேர் கடைப்பிடித்தனர் என்பது வேறு கதை. ஓட்டோவுக்கும் நீர் பகையே. வெப்பமேறிய கியர்ப் பெட்டி திடீரென்று குளிர்ந்தால், மூச்சுக்குழாய் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளக்கூடும். எண்ணெயிலே நீர் கலந்து பாலின் நிறம் கொண்டால் பெட்டியின் ஆயுள் குறுகிவிடும். எனவே அக்குழாயின் வாயை உயரத்திற் கட்டி வைப்பது நன்று. ஒன்றிலே மட்டும் ஓட்டோவுக்கு உறுதியான மேன்மை உண்டு: நடு நீரில் எஞ்சினை நிறுத்திவிடும் காற்பிழை அங்கு நேராது.

அந்தக் காற்பிழையின் பெறுமதி இரவிலேதான் தெரியும். படுவான்கரையில் யானைத் தொல்லை மிகுதி. வளைவிலே யானை வழிமறித்து நின்றால், விளக்கைத் தணித்து, ஓசையின்றிப் பின்னோக்கிச் செல்வதே செய்யத்தக்கது. பதற்றத்திலே கிளச்சைச் சட்டென்று விட்டு எஞ்சினை நிறுத்திக்கொள்பவர், மீண்டும் அதை முடுக்கும் ஓசையால் யானையை அழைக்கிறார். முப்பது ஆண்டு ஓட்டியவருக்கும் அந்நேரத்திலே கால் நடுங்கும்.

எனினும் தந்தையார் கேட்ட கேள்வி அப்படியே நிற்கின்றது. திருத்துபவர் யார்? மனுவலின் கிளச் தட்டுத் தேய்ந்தால் முதலிலே மணம் காட்டும், பின்பு வழுக்கும், முற்றாகக் கைவிடுமுன் பல நாள் எச்சரிக்கும். சிறிய நகரத்துப் பட்டறையிலும் அதை மாற்றத் தெரிந்தவர் உளர். பற்றரி இறந்துபோனால் நான்கு பேர் தள்ளிக் கிளப்பலாம். குளக்கட்டின் சரிவு இருந்தால் ஒருவரே போதும். ஓட்டோவைத் தள்ளிக் கிளப்ப முடியாது. கயிறு கட்டி இழுப்பதிலும் கவனம் வேண்டும். எஞ்சின் ஓடாதபோது எண்ணெய்ப் பம்பும் ஓடாது. சில்லுச் சுழலப் பெட்டியின் உள்ளுறுப்புகள் எண்ணெயின்றித் தேயும். இணைப்பை நியூட்ரலில் வைக்கும் லீவர் உள்ள வண்டிகளிலே அதை அவ்வாறு வைத்தே இழுக்கவேண்டும். நெல் மூட்டைகளை ஏற்றிய இழுவைப் பெட்டியோடு சேற்றில் நெடுநேரம் உறுமினால் ஓட்டோவின் எண்ணெய் கொதிக்கும். கருகிய எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாவிட்டால், ஒருநாள் முன்னறிவிப்பின்றி வண்டி நின்றுவிடும். அதைப் பிரித்துப் பொருத்த வல்லவரைத் தேடித் தொலைதூரம் போகவேண்டும். செலவோ சில வேளைகளிற் பாதி வண்டியின் விலை.

சரிவிலே எஞ்சினைக் கொண்டு வண்டியை அடக்கும் ஆற்றலில் மனுவல் சிறந்தது என்பர். மலைநாட்டுக்கு அது பெரிய வாதம். உன்னிச்சையில் இறங்கும் சரிவு குளக்கட்டுச் சரிவுதான். அதற்காக ஒருவர் முடிவை மாற்றவேண்டியதில்லை. எரிபொருட் செலவும் அவ்வாறே. பழைய ஓட்டோக்கள் கூடுதலாகக் குடித்தன, புதியவற்றில் வேறுபாடு சிறிது.

முடிவைத் தீர்மானிக்கவேண்டியது இன்னொரு காட்சி. அந்தி நேரம், வரம்பிலே நடந்த தொழிலாளியைக் கண்ணாடி விரியன் தீண்டிவிட்டது. இலவச அம்புலன்ஸ் சேவை நாடெங்கும் உண்டு. ஆனால் அது பெருவீதிக்குத்தான் விரைந்து வரும். வட்டையிலிருந்து பெருவீதிவரை உள்ள சேற்றைக் கடத்துவது வீட்டு வண்டியே. அந்நேரம் மகன் நகருக்குப் போயிருக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் முழங்கால் நோவுள்ள தந்தையும், சிறிது ஓட்டத் தெரிந்த மருமகளும். வண்டியை வாங்கும்போது கடையிலே ஓட்டிப் பார்த்தவன் மகன். தேவைப்படும்போது ஓட்டப்போகிறவரோ வேறொருவர்.

ஆகையால், இக்குடும்பத்தின் கையிலே போதிய பணம் இருந்து, சேவைப் பதிவுகள் ஒழுங்காக உள்ள அண்மைக்கால வண்டி கிடைக்குமாயின், ஓட்டோவே தகும். தாழ்த்தும் லீவர் அதில் இருக்கவேண்டும். மேலதிகப் பற்றரி ஒன்று வீட்டில் இருக்கவேண்டும். ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் முன்பு கியர் எண்ணெயைப் பார்த்துவிடவேண்டும். பணம் இருபது ஆண்டுப் பழைய வண்டிக்கே எட்டுமாயின், வரலாறு தெரியாத பழைய ஓட்டோவைத் தொடாதிருப்பதே நலம். அப்போது தந்தையின் சொல்லே சரி, மனுவலையே வாங்கலாம். ஆனால் வாங்கியதோடு கடமை முடியாது. ஆவணியிலே சிறுபோக அறுவடை தீர்ந்து வயல் காய்ந்து கிடக்கும். மருமகள் அங்கே பழகட்டும். தாழ் கியரிலே, கிளச்சைத் தொடாமல், ஒரே சீராக வரம்போரம் செல்லப் பழகவேண்டும். குளக்கட்டின் ஏற்றத்திலே எஞ்சின் நின்றுவிட்டால், பிரேக்கை மிதித்தபடி, தாழ் முதற் கியரிலேயே சாவியைத் திருப்பி வண்டியை நகர்த்தும் வழி பழைய வண்டிகளில் உண்டு. அதையும் அவளுக்குக் காட்டிக் கொடுக்கவேண்டும். பகலில் நாலைந்து தடவை செய்தபின், விளக்கைப் போட்டு இரவிலும் இரண்டு தடவை. ஐப்பசி மழைக்கு அதற்குள் இன்னும் இரண்டு மாதம் இருக்கும்.