விளையாட்டுக்கு ஏற்ற கணினித் திரை

குடை வாங்கப் போகிறவர் கடைக்குள்ளேயே அதனை விரித்துப் பார்க்கிறார். கம்பிகளைத் தொட்டுப் பார்க்கிறார். பிடியை அசைத்துப் பார்க்கிறார். பால்வெட்டும் கத்தி வாங்குகிறவர் விரல் நகத்திலே அதன் கூரைச் சோதிக்கிறார். மண்வெட்டியைத் தட்டி ஓசை கேட்கிறார் இன்னொருவர். தெஹியோவிட்டவிலும் அதனைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களிலும் வாழும் மக்களுக்கு இத்தகைய சோதனை முறைகள் பரம்பரையாக வந்தவை. ஆனால் அதே வீட்டுப் பிள்ளை, கணினி விளையாட்டுக்கென ஒரு திரை வேண்டுமென்று கேட்கும்போது, எங்கே தட்டிப் பார்ப்பது என்பது தந்தைக்குத் தெரிவதில்லை. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களைக் கடைக்காரர் படித்துக் காட்டுகிறார். எண் பெரிதாயிருந்தால் பொருளும் சிறந்ததாயிருக்கும் என்று நம்பிப் பணத்தை எண்ணி வைத்துவிடுகிறார் அவர்.

அந்தப் பணம் எளிதில் வந்ததன்று. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக உயர்ந்தது 2021ஆம் ஆண்டில். அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவானது 2024இல். இடையிலே, 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களுக்குள் 360 ரூபாவையும் தாண்டிற்று. கணினித் திரையோ முற்றிலும் இறக்குமதிப் பொருள். பல வாரக் கூலியை ஒரே நாளில் விழுங்கிவிடும் பொருளொன்றைப் பற்றிச் சற்று நிதானமாக ஆராய்வது குற்றமாகாது.

விளையாட்டுக்கென்று இத்தனை செலவா என்று முதியோர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எனினும் 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே காட்சிப் போட்டியாக இடம்பெற்ற கணினி விளையாட்டு, 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த விழாவிலே பதக்கப் போட்டியாகவே ஆகிவிட்டது. இதனால் தோட்டத்துப் பிள்ளைகள் யாவரும் பதக்கம் பெறப்போகிறார்கள் என்பதில்லை. வாங்கும் திரை விளையாட்டோடு நின்றுவிடுவதுமில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குரிய பாடங்களை இணையத்தில் கேட்பதற்கும், வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதற்கும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு படம் பார்ப்பதற்கும் அதே திரைதான். எனவே, விளையாடும் ஒருவருடைய கண்ணை மாத்திரம் கொண்டு அதனைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது.

திரை விளையாட்டின் வரலாறு சுவையானது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில், வில்லியம் ஹிகின்பொதம் என்ற பௌதிக அறிஞர், பார்வையாளர்களை மகிழ்விப்பதற்காக ஓர் அலைகாட்டியின் சிறு வட்டத் திரையிலே டென்னிஸ் விளையாட்டை அமைத்தார். பின்னர் நெடுங்காலம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருந்தது போன்ற கனத்த கண்ணாடிக் குழாயே விளையாட்டுத் திரையாக இருந்தது. இன்றுள்ள தட்டைத் திரையின் கதையோ, கரட் கிழங்கிலிருந்து தொடங்குகிறது. பிறாக் நகரில் பணியாற்றிய பிரெட்ரிக் றைனிற்சர் என்ற தாவரவியலாளர், கரட்டிலிருந்து பெற்ற பொருளொன்றைச் சூடாக்கியபோது அது இருமுறை உருகுவதை 1888இல் கண்டார். முதலில் கலங்கிய திரவம். மேலும் சூடேற்றினால் தெளிந்த திரவம். திரவம்போல் ஓடினும் பளிங்குபோல் ஒழுங்கு குலையாத அந்த இடைநிலைப் பொருளுக்குத் திரவப் பளிங்கு என்ற பெயர் நிலைத்தது.

இத்திரையினுள்ளே நடப்பதைச் சொல்வது கடினமன்று. பின்புறத்திலே வெண்ணிற விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். அதன் முன்னால் இரண்டு கண்ணாடித் தகடுகள். அவற்றினிடையே திரவப் பளிங்கு. மின்னழுத்தம் மாறும்போது பளிங்கின் நுண்ணிய மூலக்கூறுகள் திரும்பி, ஒளியை வழிவிடவோ மறிக்கவோ செய்கின்றன. இத்தகைய வாயில்கள் ஒரு சாதாரண முழு எச்.டி. திரையிலே அகலவாட்டில் 1920, உயரவாட்டில் 1080. ஆக இருபது இலட்சத்துக்கும் மேல். மூலக்கூறு எப்படித் திரும்புகிறது என்பதுதான் திரையின் சாதியைத் தீர்மானிக்கிறது. கடையிலே டி.என்., ஐ.பி.எஸ்., வி.ஏ. என்று சொல்லப்படுபவை இச்சாதிகளே.

டி.என். என்பது முறுக்கு முறை. சுவிற்சர்லாந்தில் ஷாட், ஹெல்பிரிக் என்னும் இருவர் 1970இல் வகுத்தது. மூலக்கூறுகள் சுழற்படிபோல முறுகி நிற்கும். மின்சாரம் பாய்ந்ததும் நிமிரும். விலை குறைவு, வேகம் மிகுதி. போட்டி விளையாட்டுக்காரர் நெடுங்காலம் இதனையே விரும்பினர். ஆனால் நேர் முன்னால் உட்கார்ந்து பார்த்தாலன்றி நிறம் உண்மையாகத் தெரியாது. கீழிருந்து பார்ப்பவருக்குப் படம் கறுத்து, வெளிச்சமும் நிழலும் இடம் மாறித் தோன்றும்.

இந்தக் குறைபாட்டை உலகத்து மதிப்புரைகள் ஒரு வரியிலே சொல்லிக் கடந்துவிடும். தனி அறையும் சுழல் நாற்காலியும் உடையவருக்கு அஃது ஒரு வரிச் செய்திதான். லயத்து வீட்டிலே நிலைமை வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அமைந்த பழைய காம்பிராவிலே மேசை ஒன்று, கட்டில் ஒன்று. மற்றவர் யாவரும் பாயிலே. மேசைமேல் இருக்கும் திரையை வீட்டார் பெரும்பாலும் கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோதான் பார்க்கிறார்கள். "தம்பி, கீழே குந்திப் பார்த்தா முகமெல்லாம் கறுப்பாத் தெரியுதே, பொட்டி பழுதாப் போச்சா?" என்று தாய் கேட்பாள். "இல்லம்மா, நேரா எழும்பி நின்னு பாருங்க, நல்லாத்தான் இருக்கு" என்பான் மகன். பெட்டி பழுதன்று; அதன் சாதி அவ்வளவுதான். பகல் முழுவதும் மலையில் நின்று வேலை செய்தவர் படத்தையும் நின்றுகொண்டா பார்ப்பார்?

ஐ.பி.எஸ். முறையை ஹிற்றாச்சி நிறுவனம் 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இங்கே மூலக்கூறு எழுந்து நிற்பதில்லை. கண்ணாடித் தளத்துக்கு இணையாகக் கிடந்தபடியே, கடிகார முள்போலத் திரும்புகிறது. அதனால் எப்பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ஆரம்பத்தில் இவ்வகைத் திரை மெதுவானது என்ற குறை இருந்தது. அண்மை ஆண்டுகளில் வந்த விரைவு வகைகளில் அக்குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. எஞ்சியுள்ளது இருளைப் பற்றிய குறை. வெண்மைக்கும் கருமைக்குமுள்ள விகிதம் பொதுவாக ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவினதாகையால், விளக்கணைத்த அறையிலே கருமை சற்றுச் சாம்பல் பூத்ததாய்த் தோன்றும். மூலைகளிலே மங்கிய ஒளி படரும்.

வி.ஏ. முறையில், ஓய்வு நிலையிலே மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கின்றன. ஒளி நன்றாகவே தடைப்படுகிறது. விகிதம் மூவாயிரத்துக்கு ஒன்று, அதற்கு மேலும் உண்டு. இரவிலே படம் பார்ப்பதற்கு இதற்கு நிகரான மலிவுத் திரை கிடையாது. ஆயினும் விலை குறைந்த வி.ஏ. திரைகளில், இருளிலிருந்து சற்றே வெளிச்சமான நிறத்துக்கு மாறுவது மந்தமாயிருக்கும். இருட்டிலே ஓடும் உருவத்தின் பின்னால் கரிய வாலொன்று இழுபடும். எதிரியைத் தேடிச் சுடும் விளையாட்டில் இது பெரும் இடைஞ்சல். கிரிக்கெட், கார்ப் பந்தய விளையாட்டுகளில் அவ்வளவு தெரியாது. வளைந்த திரைகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. வளைவு நடுவில் அமர்ந்த ஒருவருக்கே உரியது; ஐந்துபேர் உள்ள வீட்டில் அதற்குத் தனிப்பணம் கொடுப்பதிற் பயனில்லை.

ஓலெட் என்ற நான்காவது வகையும் உண்டு. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. கருமை முழுக் கருமை. வேகமும் மிக அதிகம். விலையும் அப்படியே. அசையாத படம் நாட்கணக்கில் ஒரே இடத்திலே நின்றால் அதன் தடம் பதிந்துவிடும் அபாயமும் உண்டு. தெஹியோவிட்டக் குடும்பமொன்றுக்கு இன்றைய விலையில் இது வேண்டியதில்லை. குடும்பத்துக்கும் படிப்புக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே திரை என்றால், விரைவு வகை ஐ.பி.எஸ்.ஸே தக்கது. இருபத்துநான்கு அங்குலம் போதும். முழு எச்.டி. திரையை இருபத்தேழு அங்குலமாகப் பெரிதாக்கினால் புள்ளிகள் விரிந்து எழுத்துகள் கரடுமுரடாகும். பாடம் படிக்கும் பிள்ளைக்கு அது நல்லதன்று.

இனி, பெட்டியின்மேல் உள்ள எண்கள். 60 ஹேர்ட்ஸ் திரை ஏறக்குறைய 17 மில்லி செக்கனுக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கிறது. 144 ஹேர்ட்ஸ் திரை 7 மில்லி செக்கனுக்கு ஒருமுறை. 240 ஹேர்ட்ஸ் திரை 4 மில்லி செக்கனுக்கு ஒருமுறை. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஏறும்போது பத்து மில்லி செக்கன் இலாபம். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு ஏறும்போது மூன்று மட்டுமே. ஆனால் பணம் இவ்விகிதத்திற் குறைந்து கேட்கப்படுவதில்லை. அன்றியும், கணினியிலுள்ள வரைகலை அட்டை செக்கனுக்கு அறுபது படமே ஆக்கவல்லதாயின், 240 ஹேர்ட்ஸ் திரை வாங்குவது ஒற்றை மாட்டு வண்டிக்கு நான்கு நுகம் வாங்குவது போலாகும். "ஒரு மில்லி செக்கன்" என்று பெரிதாக அச்சிட்டிருப்பதையும் அப்படியே நம்பவேண்டாம். பளிங்கை மிகையாக முடுக்கி அளந்த எண்ணாக அது பெரும்பாலும் இருக்கும். அந்த முடுக்கத்தோடு விளையாடினால் உருவத்தைச் சுற்றி வெளிறிய விளிம்பொன்று தோன்றும். நடுத்தர முடுக்கத்தில் வைத்துக்கொள்வதே நன்று.

திரையின் கட்டமைப்பு என்பது பலரும் கவனியாத பகுதி. பளிங்குத் தகட்டை ஆக்கும் ஆலைகள் உலகிலே சிலவே: சீனாவின் பீ.ஓ.ஈ., தாய்வானின் ஏ.யு.ஓ., கொரியாவின் எல்.ஜி. டிஸ்பிளே போன்றவை. பெயர் வேறான இரு நிறுவனங்களின் பெட்டிகளுக்குள்ளே ஒரே ஆலையின் தகடு இருக்கலாம். ஒரே பெயர்கொண்ட திரையிலே, பின்னர் வந்த தொகுதியில் வேறு ஆலையின் தகடும் இருக்கலாம். எனவே பெயருக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் சட்டம், தாங்கி, மின்சுற்றுப் பலகை, உத்தரவாதம் ஆகியவற்றுக்கான பணமே. அவற்றைக் கையாலேயே சோதிக்கலாம். தாங்கியில் நிறுத்தி, மேசையை இலேசாகத் தட்டவேண்டும். தலையாட்டம் சட்டென்று நின்றால் நல்லது; ஆடிக்கொண்டேயிருந்தால் விளையாடும்போதும் ஆடும். உயரத்தை மாற்ற இயலுமா என்று பார்க்கவேண்டும். பின்புறத்தில் சதுரமாக நான்கு திருகாணித் துளைகள் உள்ளனவா என்றும் பார்க்கவேண்டும். அவை இருந்தால், மேசையில் இடமில்லாத வீட்டிலே சுவர்த் தாங்கியில் மாட்டலாம். மழைக்காலத்தில் ஈரம் கசியும் சுவரானால் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுவது அவசியம். சட்டம் ஒரு பக்கத்தில் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருந்தால் அவ்விடத்தில் பின்விளக்கின் ஒளி கசியும். திரை முழுவதும் கறுப்பு நிறத்தை வரவழைத்தால் கசிவு தெரிந்துவிடும். பின் வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றிப் பார்த்தால் இறந்த புள்ளிகளும் வெளிப்படும். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் இந்த ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்கலாகாது. சோதிக்க விடாத கடையில் வாங்காமல் வருவதே மேல்.

மின்வழங்கி திரைக்குள்ளே அமைந்ததா, வெளியே தனிப்பெட்டியாக உள்ளதா என்பதும் இப்பிரதேசத்துக்கு முக்கியமான கேள்வி. ஏப்பிரல் மாதத்திலும், ஒக்டோபர் நவம்பர் மாதங்களிலும் பிற்பகல்தோறும் சப்ரகமுவ மலைகளில் இடியும் மின்னலும் எவ்வாறு வரும் என்பதை இங்குள்ளோருக்குச் சொல்லவேண்டியதில்லை. குறைந்த மின்னழுத்தத்தைப் பெரும்பாலான திரைகள் தாங்கும். திடீரெனப் பாயும் மிகை அழுத்தத்தைத் தாங்கமாட்டா. வெளிப்பெட்டி எரிந்தால் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே எரிந்தால் பழுதுபார்ப்பவரிடம் திரை முழுவதையும் சுமக்கவேண்டும். எவ்வகையாயினும் வானம் இருண்டால் செருகியைக் கழற்றிவிடுவதே காப்பு. மின்செருகியைக் கழற்றிவிட்டு இணையக் கம்பியை மறந்துவிடுவோர் பலர். மின்னல் அவ்வழியாகவும் வரும். புவித்தொடுப்பு இல்லாத பழைய இணைப்புகளை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். திரையைவிட மனித உயிர் விலை மிக்கது.

அவிசாவளையில் வாங்குவதா, கொழும்பு பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசாவில் வாங்குவதா என்பது அவரவர் வசதி. தெரிவு கொழும்பிலே அதிகம். பழுதானால் மீண்டும் பஸ்ஸிலே சுமந்து செல்லும் தூரமும் அதிகம். உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அதை நிறைவேற்றுபவர் கடைக்காரரா இறக்குமதியாளரா, எத்தனை இறந்த புள்ளிகள் இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பவற்றைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கவேண்டும். எழுத மறுக்கும் வாக்குறுதி காற்றிலே போய்விடும். பற்றுச்சீட்டில் தொடர் இலக்கமும் இருக்கட்டும். வாக்குத் தவறினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அப்பொழுது அச்சீட்டே சாட்சி.

பஸ்ஸிலே கொண்டுவரும்போது பெட்டியைப் படுக்கவைத்து அதன்மேல் மூட்டை ஏற்ற விடலாகாது; நிறுத்தியே வைக்கவேண்டும். வீட்டில் இணைத்தவுடன் கணினியின் அமைப்புப் பகுதிக்குச் சென்று, புதுப்பிக்கும் வேகத்தை 144 என்று மாற்றவேண்டும். பல கணினிகள் தாமாக 60இலேயே நின்றுவிடும். அதை அறியாமல் மாதக்கணக்கில் 60 ஹேர்ட்ஸிலேயே விளையாடி, திரை மிக நன்றாயிருக்கிறது என்று புகழ்ந்தவர்களும் உண்டு! பெட்டியோடு வந்த கம்பியையே பயன்படுத்துவது நல்லது. வீட்டிலே கிடக்கும் பழைய எச்.டி.எம்.ஐ. கம்பி அந்த வேகத்தைத் தாங்காமற் போகலாம். வெறும் பெட்டியையும் அதனுள்ளிருந்த ரெஜிபோம் துண்டுகளையும் அடுப்பெரிக்கக் கொடுத்துவிடாமல், உத்தரவாதக் காலம் முடியும்வரை கூரையடியில் ஈரம் படாத இடத்திலே கட்டி வைக்கவேண்டும். திரையைத் திருப்பி அனுப்ப நேரிட்டால், அதனைப் பத்திரமாகக் கொழும்புக்குச் சேர்க்க வேறு பெட்டி கிடைப்பது அரிது.