மூலநிரலின் விடுதலையும் பொது அறிவின் இருப்பிடமும்



2004 டிசம்பர் இறுதியில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு, காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி ஓர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. மருந்து விலை உயரும் என்ற அச்சமே அப்போது பெரிதும் பேசப்பட்டது. அது நியாயமான அச்சம். ஆனால் அதே அவசரச் சட்டத்தின் ஒரு மூலையில் வேறொன்றும் பதுங்கியிருந்தது. கணினி நிரல் தன்னளவில் கண்டுபிடிப்பு ஆகாது என்று கூறும் 3(கே) பிரிவில், தொழில்துறைப் பயன்பாடு, வன்பொருளுடன் சேர்க்கை என்று இரண்டு வாசல்கள் திறந்துவிடப்பட்டிருந்தன. அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவளித்துவந்த இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்து நின்றன. 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்த வாசகம் இடம்பெறவில்லை.

அந்த வெற்றியின் பொருளைக் கேரளத்தின் பள்ளிகளில் காணலாம். 2001இல் அங்கே தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் முதலில் மைக்ரோசாஃப்ட் மென்பொருளையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. ஒரு நிறுவனத்தின் சரக்கைப் பாடநூலாக்குவதா என்று ஆசிரியர் இயக்கம் கேள்வி எழுப்பியது. படிப்படியாகப் பள்ளிக் கணினிகள் குனூ லினக்ஸுக்கு மாறின. எவரும் இயக்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமைகளோடு வரும் மென்பொருள் அது. உரிமக் கட்டணம் மிச்சமானது சிறிய செய்தி. வகுப்பறைக்குப் பொருந்தும்படி மென்பொருளைத் தாங்களே திருத்திக்கொள்ள முடியும் என்பதை ஆசிரியர்கள் கண்டதுதான் பெரிய செய்தி.

எனினும், மூலநிரல் திறந்திருந்தால் போதுமா? ஒரு நிரலைப் படித்தால் அது என்ன செய்கிறது என்பது விளங்கும். ஏன் அப்படிச் செய்கிறது, வேறு எந்த வழிகள் ஆராயப்பட்டன, யார் மறுத்தார்கள் என்பது நிரலில் இருக்காது. அது உரையாடலில் இருக்கும்.

மலையாளத்தின் சில்லெழுத்துகள் நல்ல எடுத்துக்காட்டு. தமிழில் புள்ளி பெறும் மெய்யைப் போல, உயிர் சேராத சில மெய்களுக்கு மலையாளத்தில் தனி வடிவம் உண்டு. கணினியில் அவை முன்பு மூன்று குறிகளின் சேர்க்கையாக எழுதப்பட்டன. மூன்றாவது குறி கண்ணுக்குத் தெரியாதது. அதைப் புறக்கணிக்கும் மென்பொருளில் ‘அவன்’ என்ற சொல்லும் ‘அவனுக்கு’ என்று பொருள்படும் சொல்லும் ஒன்றாகிவிடும்; ஆகவே சில்லெழுத்துக்குத் தனிக் குறியீடு வேண்டும் என்றனர் ஒரு சாரார். தனிக் குறியீடு தந்தால் ஒரே சொல்லை இரு விதமாக எழுத நேரும், தேடல் தவறும், பழைய ஆவணங்கள் அந்நியமாகும் என்று வாதிட்டது ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்ற தன்னார்வலர் அமைப்பு. 2008இல் வெளிவந்த யூனிகோட் 5.1 தனிக் குறியீட்டை ஏற்றது. அமைப்பின் வாதம் தோற்றது. ஆனால் இரு தரப்பும் யூனிகோட் அமைப்புக்கு அளித்த ஆவணங்கள் இன்றும் எவரும் படிக்கும்படி இணையத்தில் இருக்கின்றன. கணியன்களோ மொழி மாணவர்களோ, முடிவை மட்டுமன்றி, முடிவுக்கு வந்த பாதையையும் கற்க முடிகிறது. தோற்ற வாதமும் பொதுச் சொத்தாக நிற்கிறது.

இத்தகைய விவாதங்கள் இன்று எங்கே நடக்கின்றன? திறமூல நிரல்களில் பெரும்பகுதி கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. 2018இல் அதை மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. நிரலை ஒவ்வொருவரும் தம் கணினியில் படியெடுத்து வைத்திருப்பதால் அது அழியாது. அதைச் சுற்றி நடந்த விவாதமோ நிறுவனத்தின் கிடங்கில் கிடக்கிறது. 2019 ஜூலையில், அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளைக் காரணம் காட்டி ஈரான், சிரியா, கிரீமியா பகுதிகளின் பயனர்களுக்குக் கதவு பாதி சாத்தப்பட்டது. உலகத் தொழிலாளரின் கூட்டுப் படைப்பு என்று கருதப்பட்ட இடத்துக்கு வாஷிங்டனில் ஒரு பூட்டு இருந்தது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. அதே ஆண்டின் இறுதியில் யாஹூ நிறுவனம் தன் குழுக்களில் சேர்ந்திருந்த உரையாடல்களை அழிக்க முடிவெடுத்தது. இப்போது பல குழுக்கள் டிஸ்கார்டுக்கும் டெலிகிராமுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. பேசுவதற்கு வசதிதான், ஆறு மாதம் கழித்து வெளியிலிருந்து தேடுபவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது.

திறந்த ஆவணம் எதற்குப் பயன்படும் என்பதை 2024 மார்ச்சில் உலகம் கண்டது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரல் ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கிறது. பல ஆண்டுகளாக அதைப் பராமரித்தவர் ஒரே ஒருவர், கூலியில்லாமல், களைப்போடு. உதவ வந்தவர் போல் ஒருவர் புனைபெயரில் நுழைந்து, இரண்டாண்டுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, நிரலுக்குள் ஒரு கள்ளவாசலை வைத்தார். உள்நுழைவதற்கு அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆந்திரேஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், பரவலான பயன்பாட்டுக்கு வருமுன் அதைக் கண்டுபிடித்தார். அடுத்த சில நாட்களில், பராமரிப்பாளரை எப்படி நெருக்கினார்கள், பொறுப்பைப் பகிரும்படி எப்படி மடல் மேல் மடல் எழுதினார்கள் என்பதெல்லாம் வெளிப்பட்டது. அந்த மடல்கள் பொது ஆவணத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது. பெருநிறுவனங்களின் லாபம் ஒரு தனிமனிதரின் ஊதியமற்ற உழைப்பின் மேல் நின்றது என்பதும் அதே ஆவணத்தில் பதிவாகியிருக்கிறது.

இது மென்பொருளாளரின் பிரச்சினை மட்டுமன்று. 2014இல் லண்டனின் லாரன்ஸ் அண்ட் விஷார்ட் பதிப்பகம், 50 தொகுதிகள் கொண்ட மார்க்ஸ் - எங்கெல்ஸ் ஆங்கிலத் தொகுப்பு நூல்களிலிருந்து எடுத்தவற்றை நீக்குமாறு, தன்னார்வலர்கள் நடத்தும் மார்க்சிஸ்ட்ஸ் இன்டர்நெட் ஆர்க்கைவைக் கோரியது. ஏப்ரல் 30 கெடு. மறுநாள் என்ன நாள் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. சிறு பதிப்பகம், நூலகங்களுக்கு மின்பதிப்பு விற்றுப் பிழைக்க வேண்டும் என்ற அவர்களது விளக்கத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் மார்க்ஸைப் படிக்க நூலக அட்டை உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவினை அங்கே உருவாயிற்று.

நம் வீட்டுக்கு வருவோம். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் சோவியத் வீழ்ச்சிக்குப் பின் பழைய புத்தகக் கடைகளுக்கும் அலமாரிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஒரு கலைச்சொல்லை ஏன் இப்படித் தமிழாக்கினோம் என்ற விவாதம் இன்று வாட்ஸ்அப் குழுவில் நடந்து, கைபேசி மாறும்போது மறைகிறது. ஊதிய ஒப்பந்தத்தைக் கணக்கிட்ட முறை, தொழிலாளர் நீதிமன்றத்தில் வென்ற வழக்கின் வாதங்கள், நில அளவை ஆவணத்தை எங்கே கேட்டுப் பெறுவது என்ற அனுபவம் ஆகியவற்றின் நிலையும் அதுவே. ஒரு தோழர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் அகரத்திலிருந்து தொடங்குகிறார்.

செய்ய வேண்டியது பெரிய தொழில்நுட்பம் அன்று. உறுப்பினரின் பெயர், முகவரி, உள்கட்சி விவாதம் போன்றவை வெளியே போகலாகாது; அவற்றைப் பிரித்துவிட வேண்டும். மீதமுள்ளதை யூனிகோட் எழுத்தில், படமாக அல்லாமல் தேடக்கூடிய உரையாக, பொதுத் தளம் ஒன்றில் ஏற்றி, வேறு இரண்டு இடங்களில் படி வைக்க வேண்டும். இந்த வேலை மற்ற வேலைகள் முடிந்தபின் யாரோ ஒருவர் இரவில் செய்வதாக இருக்கக்கூடாது. மாவட்டத்துக்கு ஒரு தோழருக்கு இதற்கென நேரம் ஒதுக்கி, அடுத்த கூட்டத்தின் வேலையறிக்கையில் இதற்கும் ஒரு பத்தி கேட்கலாம்.