பேரப்பிள்ளைகளோடு வரும் பெரியோருக்கு நம் வீட்டில் இடம்



ஒகேனக்கல் செல்லும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூரில், கேழ்வரகும் நிலக்கடலையும் பயிரிட்டு வரும் குடும்பம் எங்களுடையது. வீட்டின் மேற்குப் புறத்தில் இரண்டு அறைகளைச் செப்பனிட்டு, அருவி காண வருவோருக்குச் சில ஆண்டுகளாக வாடகைக்கு விட்டு வருகிறோம். 'ஹோம்ஸ்டே' என்று இப்போது எல்லோரும் சொல்லும் தொழில் இதுதான். இதைப்பற்றிப் பேசவேண்டும் என்று நீங்கள் அழைத்தபோது, வருமானக் கணக்கைச் சொல்வோம் என்றே பலர் எண்ணியிருப்பீர்கள். அதைக் கூட்டம் முடிந்தபின் தனியே கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறோம். இங்கே எங்கள் வீட்டிற்கு வரும் விருந்தினரில் ஒரு வகையினரைப்பற்றி மட்டும் பேச விரும்புகிறோம். பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தாத்தாவும் பாட்டியுமாக வருகிறார்களே, அவர்களைப்பற்றி.

பெங்களூரிலும் ஓசூரிலும் கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் ஏராளம். கோடை விடுமுறை வந்ததும் பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்வி அவ்வீடுகளில் எழுகிறது. முன்பெல்லாம் தாத்தாவின் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இன்றோ பல தாத்தாக்களுக்கு ஊரே இல்லை. நிலத்தை விற்றுவிட்டு மகனோடு அடுக்குமாடிக் கட்டிடத்தில் குடியிருக்கிறார்கள். பேரனுக்கு ஆட்டுக்குட்டியையும் களத்துமேட்டையும் காட்டவேண்டும் என்ற ஆசை மட்டும் அவர்களைவிட்டுப் போகவில்லை. ஆகவே நம்மிடம் வந்து, நான்கு நாட்களுக்கு ஓர் ஊரை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பெங்களூரிலிருந்து ரயிலேறித் தருமபுரியில் இறங்கி, பஸ் பிடித்துப் பென்னாகரம் வழியாக வந்து சேருகிறார்கள். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். அந்தப் பயணத்தை முடித்து வாசலில் வந்து நிற்கும் முதியவரைப் பார்த்தாலே, இவருக்கு முதலில் வேண்டியது அருவியன்று, ஒரு நாற்காலி என்று தெரிந்துவிடும்.

இக்குடும்பங்களில் ஓர் ஆள் குறைவு. மூட்டையைத் தூக்குவதற்கும், ஓடும் பிள்ளையைத் துரத்திப் பிடிப்பதற்கும், இரவில் மருந்துக்கடைக்குப் போவதற்கும் உரிய வயதுள்ளவர் நகரத்திலேயே தங்கிவிட்டார். அவர் செய்யவேண்டிய வேலை, வாடகை வாங்கும் நம் தலையில் விழுகிறது. இதை உணராமல் அறையை வெள்ளையடித்து, புதிய மெத்தை வாங்கிப் போட்டு என்ன பயன்? நாங்களும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தோம். எங்களுக்கு அதைப் புரியவைத்தது எங்கள் தோட்டத்துக் கிணறு.

ஒரு மே மாதம் நடந்தது. எழுபது வயதுப் பெரியவர், முழங்கால் வலியுள்ள அவர் மனைவி, ஒன்பது வயதுப் பேத்தி, ஐந்து வயதுப் பேரன் ஆகிய நால்வர் தங்கியிருந்தார்கள். பகல் உணவுக்குப்பின் பெரியவர் அயர்ந்துவிட்டார். பாட்டி காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பேத்தி கையில் புத்தகம். பையன் ஆட்டுக்குட்டியின் பின்னால் போனதை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் தோட்டத்துக் கிணறு வீட்டிலிருந்து நூறு அடிகூட இராது. சுற்றுச்சுவர் இல்லாத தரைமட்டக் கிணறு. மூன்று தலைமுறையாக அப்படியே இருந்ததால், அதில் அபாயம் உண்டு என்பதே எங்கள் கண்ணில் படாமற் போயிற்று. புல் அறுக்கப்போன எங்கள் மருமகள் பார்த்தபோது, பையன் விளிம்பில் குப்புறப் படுத்து, கிணற்றுக்குள் நீந்தும் ஆமையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கூச்சலிடவில்லை. கூச்சலிட்டிருந்தால் பையன் திடுக்கிட்டு எழுந்திருப்பான். ஓசையில்லாமல் பின்புறமாகச் சென்று, கணுக்காலைப் பிடித்துக்கொண்ட பின்பே பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

செய்தி கேட்டதும் பெரியவர் பேச்சிழந்தார். பாட்டி எங்கள் கையைப் பற்றிக்கொண்டு, "மகனிடம் சொல்லிவிடாதீர்கள் அம்மா, இனிமேல் எங்களை நம்பிக் குழந்தைகளை அனுப்பமாட்டான்" என்றார். பிள்ளை பிழைத்த மகிழ்ச்சியைவிட அந்தச் சொல்தான் எங்கள் நெஞ்சில் தங்கியது. தவறு எங்களுடையது; சுவர் கட்டாதவர்கள் நாங்கள். பழியை ஏற்றுக்கொள்ளத் தயாராக நின்றவர் அவர். அன்று நாங்கள் மகனுக்குச் சொல்லவில்லை. அது சரிதானா என்று எங்கள் வீட்டில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. அடுத்த மாதமே மூன்றரை அடி உயரத்திற்குச் சுற்றுச்சுவர் எழுப்பி, மேலே இரும்பு வலை போட்டோம். அதற்குப்பின் அந்த அம்மையாரின் சம்மதத்தைக் கேட்டு, நடந்ததையெல்லாம் மகனுக்குக் கடிதமாக எழுதினோம். பதில் வர நாளாயிற்று. ஆயினும் மறு வருஷம் அவர்கள் நால்வரும் வந்தார்கள்.

கிணறு மட்டுமா? தண்ணீர் வற்றிப்போன ஆழ்குழாய்க் கிணறுகளை வாய் மூடாமல் விட்டிருப்போர் நம்மிடையே உண்டு. 2019ஆம் வருஷம் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை அப்படி மாண்டதை நாடே கண்ணீரோடு பார்த்தது. கைவிட்ட ஆழ்குழாய்க் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்பவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010இலேயே கட்டளையிட்டிருக்கிறது. மேலே ஒரு சாக்கைக் கட்டுவதோ தட்டைக் கல்லை வைப்பதோ அதற்கு ஈடாகாது. பூச்சிமருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி மாட்டுக்கொட்டகையில் சொருகி வைக்கிறோமே, அதையும் நினைத்துப் பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது மருந்து என்று தெரியும். நகரத்துப் பிள்ளைக்குப் பாட்டிலின் நிறம் மட்டுமே தெரியும்.

பெரியவர்களின் காரியத்திற்கு வருவோம். அவர்கள் அஞ்சுவது இரவில் எழுந்து குளியலறைக்குப் போகும் பத்தடி தூரத்தை. வழவழப்பான ஓடு பதித்து, அதைப் பெருமையாக எண்ணியிருந்தோம். முதல் மழைக்காலத்திலேயே ஒரு பாட்டி சறுக்கினார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. இப்போது சொரசொரப்பான தரை போட்டிருக்கிறோம். கழிப்பிடத்தின் பக்கத்தில் சுவரில் இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பதித்தாயிற்று. குந்தி உட்கார முடியாதவருக்கு நாற்காலி உயரத்தில் ஓர் இருக்கை, குளிக்க ஒரு முக்காலி, இரவு முழுதும் எரியும் சிறு விளக்கு. வாசற்படிகள் ஒன்பது அங்குல உயரம் இருந்தன. இடையிடையே கட்டி ஆறு அங்குலமாகக் குறைத்தோம். இவற்றுக்கெல்லாம் ஆன செலவு இரண்டு மெத்தைகளின் விலைதான். பழைய திண்ணையை இடித்துவிட்டு வரவேற்பறை கட்டச் சொல்லிப் பலர் யோசனை கூறினார்கள். கேட்காமலிருந்ததே நல்லதாயிற்று. பெரியவர்கள் பகலெல்லாம் அந்தத் திண்ணையில்தான் உட்காருகிறார்கள். பிள்ளைகள் தெருவில் விளையாடுவதும் அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிறது.

உணவு விஷயத்தில் நேரம் தவறுதல் கூடாது. நீரிழிவு மாத்திரை சாப்பிட்டவருக்குச் சோறு ஒரு மணி நேரம் தாமதமானால் கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறும். அப்போது நினைவு இருக்குமானால் சர்க்கரை கரைத்த நீரை உடனே குடிக்கக் கொடுத்து, அதன்பின் உணவளிக்கவேண்டும். தெளியாவிட்டால் 108க்குச் சொல்லிவிடவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மற்றபடி பெரிய சமையல் தேவையில்லை. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் வைத்தால், பல் இல்லாத தாத்தாவுக்கு இளமை திரும்பிவிடுகிறது. பேரன் முதல் நாள் முகம் சுளிப்பான். களியை உருட்டும் வேலையை அவனிடமே விட்டால், மூன்றாம் நாள் அவனும் ஓர் உருண்டை கேட்பான்.

குடிநீரைப்பற்றி உண்மையைச் சொல்லவேண்டும். நம் மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைச் சிறுவயதிலிருந்து குடித்து வந்தால் பல்லில் கறை ஏறும். அளவு மிகமிக எலும்பும் மூட்டும் கெடும். காய்ச்சினால் ஃபுளோரைடு நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். இதற்காகவே ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013இல் காவிரி நீர் நம் மாவட்டத்திற்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கும் வரலாயிற்று. நான்கு நாள் தங்குபவருக்கு நம் கிணற்று நீரால் பல் கெட்டுவிடாது. ஆனால் விருந்தினருக்கு ஒகேனக்கல் தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து வைத்துவிட்டு, நம் பிள்ளைக்கு ஆழ்குழாய் நீரைக் கொடுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறோம். அதை என்னவென்று சொல்வது?

இனி ஆறு. எல்லாப் பேரப்பிள்ளைகளும் பரிசலில் ஏறவே வருகிறார்கள். கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்துவிடும் நீர், எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு நம்மிடம் வருகிறது. நீர்வரத்து மிகுந்தால் பரிசலையும் அருவிக் குளியலையும் அதிகாரிகள் தடை செய்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இது அடிக்கடி நேர்வது. முன்பணம் அனுப்பியவரிடம் இதைச் சொன்னால் வராமல் இருந்துவிடுவாரோ என்று நாம் வாய்திறப்பதில்லை. அவர்களோ வந்து, தடை கயிற்றருகே நின்று அழும் பிள்ளைகளைத் தேற்ற முடியாமல் தவிக்கிறார்கள். தடையை மீறிப் பரிசல் விடுவோரைத் தேடிப்போகும் ஆசையும் அந்த வேளையில்தான் பிறக்கிறது. ஆகையால் புறப்படும் நாளுக்கு முந்திய மாலையே நீர்வரத்தை விசாரித்து நாங்கள் கைப்பேசியில் சொல்லிவிடுகிறோம். வேண்டாம் என்பவருக்கு முன்பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம். தடையில்லாத நாளிலும், லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் உடம்புக்குப் பொருந்தினாலன்றி ஏற்றவேண்டாம் என்று தாத்தாவிடம் கண்டிப்பாகச் சொல்கிறோம். அவர் பேரனிடம் 'முடியாது' என்று சொல்லத் தயங்குவார்; அந்த வார்த்தையை அவருக்குப் பதிலாக நாம் சொல்லிவிடுவது அவருக்கே உதவி.

இடம் கேட்டுப் பேசும்போதே பெரியவர்களின் வயது, படி ஏற முடியுமா, என்ன மாத்திரை என்பவற்றையும் பிள்ளைகளின் தாய்தந்தையர் கைப்பேசி எண்ணையும் வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை: விருந்தினர் வீட்டுப் பிள்ளைகளைப் படமெடுத்து, நம் வீட்டு விளம்பரத்திற்காக ஊரறியப் பரப்பலாகாது.

தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட இத்தருமபுரியை ஆண்ட அதியமான், ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த கதையை மேடைதோறும் கேட்டிருக்கிறீர்கள். எத்தனை நாள் சென்றாலும் முதல் நாள் போலவே வரவேற்றான் என்று ஔவை பாடியது அதைவிட எங்களுக்குப் பிடித்தது. அதியமானுக்கு வாடகை வாங்கும் அவசியம் இருக்கவில்லை, நமக்கு இருக்கிறது. ஆயினும் மூன்றாம் நாளில் நம் முகம் எப்படி இருக்கிறது என்பதை விருந்தாளிகள், அதிலும் பிள்ளைகள், உடனே கண்டுகொள்கிறார்கள்.

அங்கத்தினர்களுக்கு எங்கள் கோரிக்கைகள் சில. வீட்டுக்குள் நாங்கள் செய்துகொள்வோம். வாசலைத் தாண்டினால் பஞ்சாயத்தின் கை வேண்டும். நடைபாதையை ஒட்டியுள்ள பொதுக் கிணறுகளுக்குச் சுவர் வேண்டும். கைவிட்ட ஆழ்குழாய்க் கிணறுகளைக் கணக்கெடுத்து, மூடாதவரைக் கேள்வி கேட்கவேண்டும். பஸ் நிற்கும் இடத்தில் நிழலும் ஓர் இருக்கையும் இருக்கட்டும். அங்கிருந்து ஊருக்குள் வரும் வழியில் எரியாத விளக்குகள் எரியட்டும். விருந்தினர் வராத ஊருக்கும் இவை வேண்டியவையே. நம் வீட்டிலும் முழங்கால் வலிக்கும் கிழவியும் ஆமை பார்க்க ஓடும் பையனும் இருக்கிறார்கள் அல்லவா?

படியின் உயரம், கைப்பிடிக் குழாய் பதித்த விதம், கிணற்று வலை ஆகியவற்றை நேரில் அளந்து பார்க்க விரும்புவோர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டிற்கு வரலாம். அளவு நாடாவைக் கொண்டு வாருங்கள். கொத்தனாரையும் கூட அழைத்து வந்தால் இன்னும் நல்லது. பள்ளி விடுமுறை தொடங்குமுன் வந்துவிடுங்கள். தொடங்கிய பின் வந்தால் திண்ணையில்கூட இடம் இராது.