மாறுகண் அறுவைக்குப் பின் உள்ளே இறுகும் தழும்பு
(கிள்ளானில் பெற்றோருக்கு ஆற்றிய உரை)

நான் மருத்துவர் அல்லள். மருத்துவர்கள் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்பவள். இந்தக் குறிப்பை முதலில் மொழிபெயர்த்தபோது, தழும்பு உள்ளே பற்றிக்கொள்வதை ‘ஒட்டுதல்’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த பாட்டி ஒருவர், “ஒட்டுதல் நல்லதுதானேம்மா?” என்றார். அன்றே ‘தழும்புப் பிடிப்பு’ என்று மாற்றிவிட்டேன்.

ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றன. மாறுகண்ணைச் சரிசெய்ய, தசையைக் கண்ணிலிருந்து எடுத்து வேறு இடத்தில் தைப்பார்கள். அல்லது அதன் நீளத்தைக் குறைப்பார்கள். கணக்கெல்லாம் மில்லிமீட்டரில்தான். 1839-இல் பெர்லினில் டீஃபன்பாக் இந்த அறுவையைச் செய்தபோது தசையை வெட்டிவிட்டார். இன்று அளந்து தைக்கிறார்கள்.

கண்ணைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. அதற்கு வெளியே மெத்தைபோல் கொழுப்பு இருக்கிறது. உறை கிழிந்தால் கொழுப்பு உள்ளே வந்து, தசையோடும் வெள்ளைவிழியோடும் சேர்ந்து தழும்பாக இறுகிவிடும். அப்புறம் கயிறு கட்டிய கன்றைப்போல, கண் ஓர் எல்லைக்குமேல் திரும்பாது. நேரே பார்த்தால் சரியாக இருப்பவருக்கும், மேலேயோ பக்கவாட்டிலோ பார்க்கும்போது ஒரு பொருள் இரண்டாகத் தெரியலாம்.

இதைத் தடுப்பதில் பெரும்பங்கு மருத்துவரின் கையில்தான்: உறையைக் கிழிக்காமல், இரத்தக் கசிவை உடனே நிறுத்தி, திசுக்களை மென்மையாகக் கையாள்வது. மறு அறுவையில் தழும்பை விடுவித்து, சிலருக்குப் பனிக்குடச் சவ்வை இடையில் வைப்பதும் உண்டு.

நம் பங்கு என்ன? வீக்கம் நீடித்தால் தழும்பும் கூடும். அதனால் சிவப்பு குறைந்துவிட்டதென்று சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கண்ணைக் கசக்க வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் கண்ணில் வேண்டாம். பாட்டி கோபித்தாலும் பரவாயில்லை. மருத்துவர் அனுமதிக்கும்வரை நீச்சல் கூடாது. தைப்பூசம் அந்த நாள்களில் வந்தால் பத்துமலை ஆற்றில் முழுக்கும் வேண்டாம்.

‘கண்ணை அசைத்தால் தையல் பிரிந்துவிடும்’ என்று பலர் பயப்படுகிறார்கள். பிரியாது. மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் படிக்கலாம், தொலைக்காட்சி பார்க்கலாம்.

முதல் சில நாள்கள் இரண்டாகத் தெரிவது சகஜம். ஆனால் வலியோ வீக்கமோ கூடினால், சீழ் வந்தால், பார்வை மங்கினால், கண் ஒரு பக்கம் திரும்பாமல் நின்றால், அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இன்னொன்று. முன்பு எங்கே அறுவை செய்திருந்தாலும் அந்தப் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு வீடு மாறும்போது முதலில் தொலைவது அந்தக் கோப்புதான். எந்தத் தசை, எத்தனை மில்லிமீட்டர் என்று அதில் இருந்தால், இரண்டாம் மருத்துவர் தழும்புக்குள் இருட்டில் தேட வேண்டியதில்லை.