குர்பானிப் பையும் டேராடூன் டீசலும்

(ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய ஜமாஅத் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி இறைச்சியைக் கறுப்பு கேரி பேக்கில் கட்டித்தான் வீடு வீடாகக் கொடுத்தோம். மறுநாள் அந்தப் பைகள் சாக்கடையை அடைத்துக் கிடந்தன. துப்புரவுப் பணியாளர்கள் கையால் அள்ளினார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த பை அது. தவறு நம்முடையது.

"பிளாஸ்டிக்கை இப்போது டீசலாக்குகிறார்களே, பிறகென்ன?" என்று இளைஞர்கள் கேட்டார்கள். உண்மைதான். டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்தில் 2019இல் அப்படியொரு ஆலை தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு ஒரு டன் கழிவிலிருந்து சுமார் 800 லிட்டர் டீசல் எடுக்கும் திட்டம் அது. பிளாஸ்டிக்கே எண்ணெயிலிருந்து பிறந்ததுதான். காற்றுப் புகாத கலனில் சூடாக்கினால் அதன் நீண்ட சங்கிலிகள் அறுந்து ஆவியாகின்றன, குளிரவைத்தால் எண்ணெய். தெருவில் கொளுத்தினால் வருவதோ நச்சுப் புகை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனும் கழிவுப் பிளாஸ்டிக்கை ஜல்லியில் உருக்கிப் பூசிச் சாலை போட்டுக் காட்டி, 2018இல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் பிரித்து, சுத்தமாக வரவேண்டும். பி.வி.சி. கலந்தால் அமில வாயு கிளம்பி இயந்திரத்தை அரிக்கும். இரத்தமும் கொழுப்பும் ஒட்டிய பையைக் காயலான் கடையில்கூட வாங்கமாட்டார்கள். அது டேராடூன் போகாது. நம் சாக்கடைக்குத்தான் போகும்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் தர்மம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். தர்மம் கொடுக்கும் கையாலேயே இடையூறைப் போடலாமா?

ஆகவே இவ்வாண்டு பாத்திரம் கொண்டுவரச் சொல்லலாம் என்று நினைத்தோம். ஒரு தாய் தயங்கிச் சொன்னார்: "பையில் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. சட்டியோடு வரிசையில் நின்றால் யாசகம் கேட்பதுபோல் இருக்குமே." அவர் சொன்னது சரி. குர்பானியில் ஏழையின் பங்கு அவருடைய உரிமை. அதை வாங்க அவர் தலைகுனியக் கூடாது.

எனவே வரிசை வேண்டாம். மூடிய தூக்குச்சட்டியில் நாங்களே கொண்டு வருகிறோம். பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்குள் வந்து கொடுத்துவிட்டு, தூக்கைத் திரும்ப எடுத்து வருவார்கள். குர்பானி கொடுக்கும் குடும்பங்கள் ஆளுக்கு இரண்டு தூக்கு இரவல் தாருங்கள். பெயர் எழுதித் திருப்பித் தருவோம். பால் கவர், பாட்டில்களைக் கழுவி உலர்த்தி, குப்பை வண்டியில் தனியாகப் போடுங்கள்.

நம் குர்பானியை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.