அடிமரத்தில் பூக்கும் மரம்

சிவன் கோயிலிலோ பழைய பூங்காவிலோ பார்த்திருப்பீர்கள். கிளை நுனியை விட்டுவிட்டு அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கும். நாகலிங்க மரம்தான் அது. பக்கத்தில் பீரங்கிக் குண்டு மாதிரி பழுப்புக் காய் தொங்கினால் சந்தேகமே வேண்டாம்.

இதன் பூவைச் சிவனுக்குச் சாத்துகிறோம், ஆனால் மரத்தின் பிறந்தகம் தென் அமெரிக்கா!

இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமோ இரண்டு விதம். பூவில் நாகப்படம் மாதிரி வளைந்திருக்கும் பகுதியில் இருப்பது சூல் பிடிக்க உதவாது. அது தேனீக்கு வைத்த தீனி. அதை எடுக்க உள்ளே நுழையும் தேனீயின் முதுகில், நடுவில் லிங்கம் மாதிரி இருக்கும் பகுதியைச் சுற்றியுள்ள நல்ல மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போய்விடும். கெட்டிக்கார வியாபாரம்!

பூ கமகமக்கும். பழம் உடைந்தாலோ மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். காய் நல்ல கனம். அடியில் நின்று கதை பேசாதீர்கள்.